எழுவானும் படுவானும்: ஓர் ஓவியத்தின் பொழுதை அறிதல்

சென்ற காலத்தை ஆராய்வோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச் சுவடி, அரசாங்க ஆவணம் என்பனவற்றைச் சான்றாகக் கொள்வர். நிலக்காட்சி ஓவியத்தை அவ்வரிசையிற் சேர்ப்பதற்கு அவர்கள் பெரும்பாலும் தயங்குவர். ஓவியன் தன் விருப்பிற்கேற்ப மரத்தை இடம்பெயர்ப்பான், மலையை உயர்த்துவான், வானத்துக்கு இல்லாத நிறத்தை ஊட்டுவான். ஆதலால் அவன் தீட்டியது கண்ணுக்கு விருந்தாகுமேயன்றி வரலாற்றுக்குச் சான்றாகாது என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஓர் ஓவியத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொண்ட ஓவியம் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே (1840–1926) தீட்டிய ‘மனப்பதிவு, எழுஞாயிறு’ என்பது. இது 48 சதமமீற்றர் உயரமும் 63 சதமமீற்றர் அகலமும் உடைய சிறியதொரு படம். வடபிரான்சிலுள்ள லெ ஆவர் துறைமுகம் பனிமூட்டத்தினுள் நீலமும் சாம்பலுமாகத் தோன்றுகின்றது. முன்னே இருண்டதொரு சிறு படகு செல்கின்றது. அதன் பின்னே வேறு படகுகள் மங்கலாகத் தெரிகின்றன. தொலைவிற் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் நிழல்போல் நிற்கின்றன. இவற்றிற்கு மேலே செம்மஞ்சள் நிற ஞாயிறு ஒன்று. நீரில் அதன் ஒளி சில தூரிகை வீச்சுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. படத்தில் உள்ளவை இவ்வளவே.

1874 ஆம் ஆண்டு ஏப்பிரில் 15 ஆந் தேதி பாரிசு நகரிலே, புகைப்படக் கலைஞர் நாதார் முன்னர்ப் பயன்படுத்திய மாடங்களில், முப்பது ஓவியர் வரையிற் கூடித் தம் படங்களைத் தாமே காட்சிக்கு வைத்தனர். அரசாங்கச் சார்புடைய பெருங்கண்காட்சியின் நடுவர்களை நம்பியிராது தம் கலையை மக்கள் முன் நேரே வைப்பது அவர்தம் எண்ணம். படப்பட்டியலைத் தொகுத்தவர் இப்படத்துக்குப் பெயர் கேட்டபோது, லெ ஆவரின் காட்சி என்று கொள்ளத்தக்கதாக இஃது இல்லை. ஆதலால் ‘மனப்பதிவு’ என இடுக எனத் தாம் கூறியதாக மொனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஏப்பிரில் 25 இல் லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் அப்பெயரைப் பற்றிக்கொண்டு அக்கூட்டத்தார் அனைவரையும் ‘மனப்பதிவாளர்’ என எள்ளி எழுதினார். எள்ளற்பெயரே பின்னர் ஓர் ஓவிய நெறியின் பெயராயிற்று. இது பலரும் அறிந்த செய்தி. அதனினும் பயனுடைய வேறொரு செய்தி இப்படத்தின் வரலாற்றில் உண்டு. அது படத்திலுள்ள பொழுது பற்றியது.

நிலக்காட்சியை நோக்குந் தமிழர்க்குப் பழையதோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் அகத்திணைக்கு உரியனவற்றை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் மக்களும், மாவும், புள்ளும், மரமும், தொழிலும் கருப்பொருள். உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இப்பாகுபாடு செய்யுளுக்கு வகுத்ததே எனினும், வரைந்த காட்சியை ஆராய்வோர்க்கும் இது நல்வழி காட்டும். முதலில் எவ்விடம், எப்பொழுது என்று வினவுதல் வேண்டும். அடுத்து அங்கே எவையெவை உள்ளன என்று எண்ணுதல் வேண்டும். அதன் பின்னரே அது உணர்த்துவது யாது என்று துணிதல் வேண்டும். இம்முறையை மாற்றி, பார்த்தவுடன் ‘சோகம்’ என்றும் ‘நம்பிக்கை’ என்றும் பொருள் கூறப் புகுவோர் வழுக்கி வீழ்வர்.

முதற்பொருளுள் ஒன்றாகிய பொழுதே இப்படத்தில் ஐயத்துக்கு இடமாயிற்று. 1874 இல் ‘எழுஞாயிறு’ எனக் காட்சிக்கு வைக்கப்பட்ட படத்தை ஏர்னெஸ்ட் ஒஷெடே என்னும் வணிகர் 800 பிராங்குக்கு வாங்கினார். அவர் பொருளிழந்தமையால் 1878 ஆம் ஆண்டு அவர்தம் படங்கள் ஏலத்துக்கு வந்தன. அவ்வேலப் பட்டியலில் இதே படம் ‘மனப்பதிவு, மறையும் ஞாயிறு’ என்று குறிக்கப்பட்டது. மருத்துவர் ஜோர்ஜ் த பெலியோ அதனை 210 பிராங்குக்குப் பெற்றார். அவர் மகளார் வழியாக 1940 ஆம் ஆண்டில் அது பாரிசின் மார்மொத்தான் அரும்பொருட்சாலையைச் சேர்ந்தது. காலையோ மாலையோ என்னும் ஐயம் இருபதாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. படத்தில் மொனே ‘72’ என ஆண்டு குறித்திருந்தும், அது 1873 இல் தீட்டப்பட்டதாதல் வேண்டும் என்று கொண்டாரும் உளர்.

இவ்வையம் நமக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு என்பது தொல்காப்பியம். ‘எல்’ என்பது ஞாயிறு. ‘பாடு’ என்பது யாது? நச்சினார்க்கினியர் அதனை ஞாயிறு சாயும் பிற்பகலாகக் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவரோ ஞாயிறு தோன்றும் காலைப்பொழுதாகக் கொண்டார். ‘படு’ என்னும் வினைக்குத் தோன்றுதல், மறைதல் ஆகிய இரு பொருளும் உண்மையால் இருவர்க்கும் இடம் உளதாயிற்று. கடற்கரை நிலத்தின் பொழுதையே ஒரு சொல் காலையாகவும் மாலையாகவும் நின்று மயக்கியது போல, கடற்றுறையைத் தீட்டிய ஒரு படமும் ஐரோப்பியரை மயக்கிற்று. செந்நிற ஞாயிறும், தாழ்ந்த வானமும், நீரில் நீண்ட ஒளியும் காலைக்கும் உரியன, மாலைக்கும் உரியன. நிறத்தை மட்டுங் கொண்டு இரண்டனுள் ஒன்றைத் துணிதல் அரிது.

இவ்விடத்தில் மட்டக்களப்பு மக்களின் வழக்கொன்று நமக்கு ஒளி காட்டுகின்றது. வாவிக்குக் கிழக்கே, கடலை அடுத்துக் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்பர். மேற்கே வயல் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்பர். நிலத்தின் பெயரே ஞாயிற்றின் வழிக் கூறப்பட்டது. பெரியகல்லாறு எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி. இவ்வூரார் கடலின்மேல் ஞாயிறு எழக் காண்பர். வாவிக்கு அப்பால் அது மறையக் காண்பர். படுவான்கரையில் நிற்பவனோ அதே வாவியின்மேல் ஞாயிறு எழக் காண்பான்.

ஆகவே, ‘வாவியின்மேற் செஞ்ஞாயிறு’ என ஒருவர் படம் வரைந்து காட்டின், அது காலையா மாலையா என்பதனை நிறத்தைக் கொண்டு நாம் கூற முற்படோம். வரைந்தவர் எக்கரையில் நின்றார் என்றே முதலில் வினவுவோம். எழுவான்கரையில் நின்றாராயின் மாலை. படுவான்கரையில் நின்றாராயின் காலை. நிறம் தராத விடையைத் திசை தரும். பெரியகல்லாற்றுச் சிறுவனும் எளிதிற் கூறும் இவ்வுண்மையே லெ ஆவர் ஓவியத்தின் முடிச்சையும் அவிழ்த்தது.

மொனே இளமையை லெ ஆவரிற் கழித்தவர். இப்படத்தை அவர் அந்நகரின் பழைய துறைமேடையை நோக்கி நின்ற விடுதியொன்றின் சாளரத்திலிருந்து தீட்டினார். அக்காலத்து நகர வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஓவியத்திலுள்ள பாய்மரங்களும் மேடைகளும் நிற்கும் இடங்களோடு ஒப்பிட்டு, டெக்சாசு மாநிலப் பல்கலைக்கழகத்து வானியலறிஞர் டொனால்ட் ஓல்சன் அச்சாளரம் நோக்கிய திசையைக் கணித்தார். அது தென்கிழக்கு. மாலை ஞாயிறு அத்திசையில் ஒருநாளும் நில்லாது. எனவே ‘மறையும் ஞாயிறு’ என்ற 1878 ஆம் ஆண்டுப் பெயர் வழு என்பதும், 1874 ஆம் ஆண்டுப் பெயரே சரி என்பதும் தெளிவாயின.

ஆராய்ச்சி அதனோடு நிற்கவில்லை. ஞாயிறு நாடோறும் ஒரே இடத்தில் எழுவதன்று என்பதைக் கடற்கரையில் வாழும் யாரும் அறிவர். பெரியகல்லாற்றில் அது நேர்கிழக்கிலிருந்து ஆனி மாதத்தில் வடக்கே ஏறத்தாழ 24 பாகையும், மார்கழியில் தெற்கே ஏறத்தாழ 24 பாகையும் விலகி எழும். லெ ஆவர் வடக்கே தொலைவில், ஏறத்தாழ 49½ பாகை அகலக்கோட்டில் இருத்தலால், அங்கே அவ்விலகல் ஏறத்தாழ 38 பாகை வரை செல்லும். ஆதலால் ஞாயிறு எழும் திசை அங்கு நாளுக்கு நாள் நன்கு வேறுபட்டுத் தோன்றும். திசையைக் கொண்டு நாளை மதிப்பிடுதலும் எளிதாகும். ஓவியத்தில் ஞாயிறு நிற்கும் திசையும் உயரமும் நவம்பர் நடுப்பகுதிக்கும் சனவரிக் கடைப்பகுதிக்குமே பொருந்தின. மார்கழியில் தென்கோடியை அடையுமுன் ஒருமுறையும் அடைந்து மீளும்போது ஒருமுறையும் ஞாயிறு அவ்விடத்தைக் கடக்கும் என்பதே இதற்குக் காரணம். அடிவானிலிருந்து அஃது எழுந்துள்ள அளவை நோக்குமிடத்து, உதயத்தின்பின் இருபது முதல் முப்பது நிமிடம் வரை கழிந்த நேரம் அது என்பதும் பெறப்பட்டது.

அடுத்த சான்று கடலோதம். நம் கரையில் ஓதத்தின் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கல்லாற்று முகத்துவாரத்தை அடைப்பதும் திறப்பதும் மணலும் மாரி வெள்ளமுமேயன்றி ஓதமன்று. லெ ஆவரிலோ பெருவோத நாள்களில் நீர்மட்டம் ஏழு மீற்றருக்கு மேலும் ஏறி இறங்கும். உள்துறைக்குச் செல்லும் வழியை மதகுக் கதவுகள் காத்தன. உயர்வோதத்தை அடுத்த சில மணிநேரமே பெருங்கப்பல்கள் அவ்வழியாற் செல்ல இயலும். ஓவியத்திற் பெருங்கப்பல்கள் வழியை நோக்கி நிற்பதாலும் நீர் நிறைந்திருப்பதாலும், அது உயர்வோத நேரமாதல் வேண்டும். காலை உதயமும் உயர்வோதமும் ஒருங்கே நேரும் நாள்கள் சிலவே. அவற்றுள்ளும் மழையும் புயலும் வீசிய நாள்களைப் பழைய வானிலைக் குறிப்புகள் கொண்டு விலக்கினர். புகை சாயும் பக்கத்தைக் கொண்டு காற்றின் திசையையும் ஒப்பிட்டனர். எஞ்சிய நாள்களுள் மொனே குறித்த ‘72’ என்னும் ஆண்டுக்கு மிகப் பொருந்துவதாக 1872 நவம்பர் 13, காலை ஏறத்தாழ 7.35 மணி என்பது கொள்ளப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் மார்மொத்தான் அரும்பொருட்சாலை இப்படத்தைப் பற்றியே நடாத்திய கண்காட்சியையொட்டி இம்முடிபு வெளியிடப்பட்டது.

இம்முடிபின் வலிமையையும் எல்லையையும் மாணாக்கர் ஒருங்கே உணர்தல் வேண்டும். காலைப்பொழுது என்பது திசையினாற் பெறப்பட்டது, அஃது உறுதியுடையது. பருவம் என்பது ஞாயிற்றின் இடத்தை மொனே பிறழாது தீட்டினார் என்னும் கொள்கையின்மேல் நிற்பது. அது பெரிதும் நம்பத்தக்கது. குறித்த நாள் என்பது ‘72’ என்னும் ஆண்டுக் குறிப்பையும் வானிலைக் குறிப்புகளையும் சார்ந்து நிற்பது. அது பொருத்தமான ஊகம். மூன்றும் ஒரே நிறையுடையன அல்ல. சான்றின் நிறைக்கேற்பவே முடிபின் நிறையும் அமைதல் வேண்டும் என்பது வரலாற்றாசிரியன் என்றும் மறத்தலாகாத நெறி.

எனினும் இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது. லெ ஆவரின் காட்சி என்று கொள்ளத்தக்கதன்று என ஓவியரே ஒதுக்கியதும், முற்றுப்பெறாத கிறுக்கல் என எள்ளப்பட்டதுமான ஒரு படம், துறையின் அமைப்பையும் ஞாயிற்றின் நிலையையும் ஓதத்தின் அளவையும் ஆராய்ச்சிக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் செம்மையாகத் தாங்கி நின்றது. மனப்பதிவு என்பது மனம் போனபடி வரைதலன்று. கண்ட கணத்தைக் கண்டவாறு பற்றுதல். அக்கணத்தின்மேல் ஓவியர் வைத்த பற்றே படத்தைச் சான்றாக்கிற்று. ஆதலின் நிலக்காட்சி ஓவியம் சான்றாகாது என்னும் பொதுக்கூற்றை நாம் ஏற்றல் இயலாது. தக்க வினாவை விடுத்தால் அது தக்க விடை தரும்.

இனிக் கருப்பொருளை நோக்குவாம். பழைய நிலக்காட்சிகளில் ஆடுமேய்ப்பாரும் இடிந்த கோயில்களும் ஓங்கிய மரங்களுமே பெரிதும் இடம்பெற்றன. மொனே தீட்டிய நெய்தலில் புள்ளும் பூவும் இல்லை. பாரந்தூக்கியும் புகைபோக்கியும் நீராவிக் கப்பலும் உள்ளன. இயற்கைக்கும் எந்திரத்துக்கும் இடையே அவர் வேலியிடவில்லை. பனியும் புகையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே திரையாகின்றன. படகிலுள்ள மனிதரோ சில கரிய தீற்றல்களே. அவர் மீனவரா, துறைத் தொழிலாளரா, அவர் பெற்ற கூலி யாது, அவர் பேசியது யாது என்பனவற்றை இப்படத்திடம் வினவிப் பயனில்லை. அவற்றுக்குத் துறைமுகக் கணக்கேடுகளையும் குடிமதிப்பையும் நாடுதல் வேண்டும். ஒரு சான்று கூறாததை அதன் வாயில் திணிப்பது, அது கூறுவதைக் கேளாது விடுவதை ஒத்த குற்றமே.

உரிப்பொருள் பற்றிய ஆராய்ச்சி இவ்விரண்டனுக்கும் பின்னரே வருதல் முறை. 1870 சூலையில் மூண்ட போரில் பிரான்சு செருமானியரிடம் தோல்வியுற்றது. அல்சாசின் பெரும்பகுதியையும் லொறேனின் ஒரு பகுதியையும் இழந்தது. 500 கோடி பிராங்கு தண்டமாகச் செலுத்த உடன்பட்டது. மொனே அப்போர்க்காலத்தில் இலண்டனிலும் பின்னர் ஒல்லாந்திலும் தங்கி, 1871 இன் இறுதியில் நாடு திரும்பினார். ஓவியம் தீட்டப்பட்ட காலத்தில் கிழக்குப் பிரான்சின் சில பகுதிகள் இன்னும் செருமானியப் படையின் வசமிருந்தன. அப்படை முற்றாக வெளியேறியது 1873 செப்டெம்பரிலேயே. இப்பின்னணியில், வேலை நிகழும் துறைமுகத்தின்மேல் ஞாயிறு எழுவதாகத் தீட்டியது நாட்டின் மறுமலர்ச்சியைக் குறிக்கும் என வரலாற்றறிஞர் சிலர் கூறுவர்.

இப்பொருள் அழகியது, காலத்தோடும் இயைவது. பொழுது காலை என்பது உறுதிப்பட்ட பின்னரே இப்பொருளுக்கு இடம் உண்டாயிற்று என்பதும் கருதத்தக்கது. 1878 ஆம் ஆண்டுப் பட்டியலை நம்பி மாலை எனக் கொண்டிருப்பின், அதே படத்தில் ஒரு பேரரசின் வீழ்ச்சியைக் கண்டு பாராட்டியிருப்போமன்றோ? ஆயினும், படத்தின் பெயரிலோ அப்பெயர் பற்றி மொனே பிற்காலத்திற் கூறியதிலோ நாட்டெழுச்சியைக் குறிக்கும் சொல் யாதும் இல்லை. எனவே இதனை ஏற்புடைய ஊகமாகக் கொள்ளலாமேயன்றி நிலைநாட்டிய உண்மையாகக் கொள்ளலாகாது. அவ்வாறே, நெய்தலுக்கு இரங்கல் உரியது என்பதனாற் பனியிடைச் செல்லும் தனிப்படகில் நாம் இரக்கத்தைக் காணின், அது நம் மரபு நமக்குத் தந்த கண். மொனே தந்த பொருளென அதனைக் கூறலாகாது. முதற்பொருளை நிறுவலாம்; கருப்பொருளை எண்ணலாம்; உரிப்பொருளை உய்த்துணரலாம். நிறுவுதல் வேறு, உய்த்துணர்தல் வேறு.

படத்தை நோக்குவோர் அறியத்தக்க மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வோவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக அச்சிட்டால் ஞாயிறு ஏறத்தாழ மறைந்துபோகும். ஞாயிற்றின் நிறம் வானத்தினின்றும் வேறுபட்டதாயினும் இரண்டன் ஒளியளவும் ஒன்றே என்பதை நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் எடுத்துக்காட்டினார். கண்ணில் நிறத்தை அறியும் வழியும் ஒளியளவை அறியும் வழியும் வேறாதலால், ஒன்று ஞாயிறு உண்டு என்கின்றது. மற்றொன்று இல்லை என்கின்றது. ஞாயிறு நடுங்குவதுபோல் நமக்குத் தோன்றுவது இதனாலேயே என்பர். பனிமூட்டத்தில் எழும் ஞாயிற்றைக் கண்கூசாது நோக்கியவர் அதன் உண்மையை அறிவர். நூல்களிலுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டுங் கொண்டு ஓவியத்தை ஆராய்தல் ஆகாது என்பதற்கும் இது சான்று.

இறுதியாக, இவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்தும் கடமை ஒன்றுண்டு. மொனே நின்று தீட்டிய துறைமுகப் பகுதியும் நகரின் நடுப்பகுதியும் 1944 செப்டெம்பரில் நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தன. இன்றுள்ள நகர் கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெறே வகுத்த திட்டத்தின்படி போருக்குப்பின் எழுந்தது. விடுதியும் சாளரமும் பழைய மேடையும் இன்று இல்லை. எஞ்சியன வரைபடங்கள், புகைப்படங்கள், ஓதக் குறிப்புகள், ஓர் ஓவியம் ஆகியனவே. அவை எஞ்சியமையால், அழிந்துபோன ஒரு காலைப்பொழுதை நூற்று நாற்பது ஆண்டுகளின் பின்னும் மீட்க முடிந்தது.

எழுவான்கரையும் அழிவை அறிந்த நிலமே. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கடலோர ஊர்களின் உருவையே மாற்றிற்று. அவற்றுக்கு முன் இக்கரை எவ்வாறிருந்தது என்பதை மூத்தோர் நினைவு இன்னும் ஓரளவு தாங்கி நிற்கின்றது. அந்நினைவு மங்குமுன், முகத்துவாரமும் தோணித்துறையும் கண்டற்காடும் கோயில் வீதியும் பழைய புகைப்படங்களிலும் வரைபடங்களிலும் எங்கெங்கு உள்ளன எனத் தேடித் தொகுத்தல் வேண்டும். இன்று உள்ளவற்றை மாணாக்கர் வரைதலும் படமெடுத்தலும் வேண்டும்.

அவ்வாறு செய்வோர் ஒவ்வொரு படத்தின் பின்னும் நான்கு குறிப்புகளை எழுதி வைப்பாராக: நின்ற இடம், நோக்கிய திசை, நாள், நேரம். அழகுற வரையும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று; இந்நான்கையும் பிழையின்றிக் குறித்தல் எல்லார்க்கும் இயல்வது. இக்குறிப்புகள் இல்லாமையால் ஓர் ஓவியத்தின் காலையை நாட்ட அறிஞர் பலர் நெடுங்காலம் உழைக்க நேர்ந்தது. நம் வாவியின்மேல் நிற்கும் ஞாயிறு எழுவானதா படுவானதா என்று பின்வருவோர் மயங்காதிருக்க, அவர்க்கு நாம் விட்டுச்செல்லத்தக்கது அவ்வொரு வரியே.